பெட்டியின் பெயர் தெரியுமா?
மென்பொருள் களஞ்சியங்களும் அவற்றின் சேமிப்பு வடிவங்களும்

நமது ஊரின் பழைய வீடுகளில் அலுமாரியைத் துப்புரவு செய்யும்போது சில வேளைகளில் மங்கிய கிதாபு ஒன்று கிடைக்கும். எழுத்தைப் பார்த்தால் அரபு. ஆனால் குர்ஆன் ஓதத் தெரிந்த பிள்ளை எழுத்துக்கூட்டி வாசித்தால் இடையிடையே தடுமாறுவாள். ட, ண, ள, ழ முதலான ஒலிகள் அரபில் இல்லை. அவற்றுக்காக அரபு எழுத்துகளில் புள்ளிகளைக் கூட்டிப் புதிய எழுத்துகள் அமைத்திருப்பார்கள். அது அரபு நூலன்று, அரபுத் தமிழ் நூல். மொழி தமிழ், எழுத்து அரபு. மூத்தம்மாமார் சரளமாக வாசித்த நூலை இன்று பேத்திமாரால் இன்னதென்று அறியவே முடியவில்லை. தாளுக்கும் மைக்கும் குறையில்லை. எந்த வடிவத்தில் எழுதப்பட்டது என்ற அறிவு மாத்திரம் இடையில் அறுந்துவிட்டது.

இதே நிலை கணினியிலும் உண்டு. பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட பழைய கட்டுரையை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், தமிழுக்குப் பதிலாகப் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் வரிசையாக நிற்கும். "கோப்பு பழுதாகிவிட்டது" என்று எண்ணி அதை அழித்துவிடுவோர் உண்டு. உண்மையில் கோப்பு நலமாகவே இருக்கிறது. அதன் வடிவத்தை அறிந்து யுனிகோடுக்கு மாற்றினால் முழுக் கட்டுரையும் திரும்பி வரும்.

எனவே, எந்தச் சேமிப்பிலும் இரண்டு விடயங்கள் உள்ளன: ஒன்று சேமிக்கப்பட்ட பொருள், மற்றது அது சேமிக்கப்பட்டுள்ள வடிவம். மென்பொருள் எழுதுவோர் தமது வேலையைப் பாதுகாக்கப் பாவிக்கும் களஞ்சியங்களில் இந்த இரண்டாவது விடயம் எப்படி இயங்குகிறது, அதை எப்படி அடையாளம் காண்பது, எதைத் தெரிவு செய்வது என்பதே இக்கட்டுரையின் பொருள். உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்கும் மாணவியருக்கும், நாளை ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ வேறெங்கேனுமோ இறுதியாண்டுச் செயற்றிட்டம் செய்யப்போகின்றவர்களுக்கும் இது அவசியம். பிள்ளையின் பல மாத உழைப்பு மடிக்கணினியின் எந்த மூலையில் இருக்கிறது என்பதைப் பெற்றோரும் அறிந்திருப்பது நன்று.

பதிப்புக் கட்டுப்பாடு என்றால் என்ன?

ஒப்படை ஒன்றைச் செய்யும்போது கோப்புகளுக்கு நாம் வைக்கும் பெயர்களைப் பாருங்கள்: "இறுதி", "இறுதி இரண்டு", "உண்மையான இறுதி". ஒரு வாரம் கழிந்தால் எது உண்மையான இறுதி என்பது நமக்கே தெரியாது. நான்கு பேர் சேர்ந்து செய்யும் செயற்றிட்டமென்றால் குழப்பம் நான்கு மடங்காகும்.

இதைத் தீர்க்க வந்ததே பதிப்புக் கட்டுப்பாடு. பள்ளிவாசல் கணக்குப் புத்தகத்தை எண்ணிப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். நேற்றைய பதிவை அழித்துவிட்டு அதன்மேல் இன்றைய பதிவை எழுத எந்தப் பொருளாளருக்கும் அனுமதியில்லை. பிழையிருந்தால் திருத்தத்தைத் தனிப் பதிவாக இட வேண்டும். யார், எப்போது, எதை, ஏன் மாற்றினார் என்பது புத்தகத்தில் இருக்கும். மென்பொருள் களஞ்சியமும் அப்படித்தான். ஒவ்வொரு மாற்றமும் பெயரோடும் நேரத்தோடும் காரணத்தோடும் பதிவாகும். தேவைப்படும்போது பழைய நிலைக்குத் திரும்பலாம்.

இவ்வகைக் கருவிகளுள் முன்னோடியான எஸ்.சி.சி.எஸ். 1972 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் உருவானது. 1980களில் ஆர்.சி.எஸ்., சி.வி.எஸ். என்பன வந்தன. 2004 இல் சப்வேர்ஷனின் முதலாவது முழுப் பதிப்பு வெளியானது. 2005 ஏப்ரலில் கிட், மெர்கியூரியல் இரண்டும் தோன்றின. அக்காலத்திலேயே பஸார் என்ற கருவியும் வளர்ந்தது. ஒவ்வொன்றும் வரலாற்றைத் தனக்கே உரிய வடிவத்தில் வட்டில் எழுதி வைக்கிறது.

சுனாமியில் பிறந்த ஒரு மென்பொருள்

2004 டிசம்பர் 26 ஐ நமது கரையோரத்தில் யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. இலங்கையில் மிகக் கூடுதலான உயிர்களை இழந்தது நமது அம்பாறை மாவட்டமே. உயிர்களோடு காணி உறுதிகள், பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள், அடையாள அட்டைகள், விவாகப் பதிவுகள் என்று வீட்டில் இருந்த ஒரே பிரதிகளும் கடலோடு போயின.

அந்த நாட்களில் இலங்கையின் கணினித் துறையினர் தொண்டர்களாக ஒன்றுசேர்ந்து ஒரு மென்பொருளை எழுதினார்கள். காணாமற்போனோர் பதிவேடு, முகாம்களின் பதிவேடு, உதவி நிறுவனங்களின் பதிவேடு, எங்கே என்ன தேவை என்ற விபரம் ஆகிய அனைத்தையும் ஓரிடத்தில் சேர்ப்பது அதன் நோக்கம். அதற்கு "சஹன" என்று பெயரிட்டார்கள். சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். லங்கா சொஃப்ட்வேர் பவுண்டேஷன் அதை வளர்த்தது. யாரும் எடுத்துப் பாவிக்கவும் திருத்தவும் கூடிய கட்டற்ற மென்பொருளாக அது வெளியிடப்பட்டது. 2005 இல் பாகிஸ்தான் பூமியதிர்ச்சியின்போதும் 2010 இல் ஹெய்ட்டி பூமியதிர்ச்சியின்போதும் அது கைகொடுத்தது. சமூக நன்மைக்கான செயற்றிட்டமென 2006 ஆம் ஆண்டுக்குரிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் விருதும் அதற்குக் கிடைத்தது.

நமது விடயத்துக்கு முக்கியமானது, சஹனவின் மூலநிரல் எங்கே வைக்கப்பட்டிருந்தது என்பதே. முதற்பதிப்புகளின் நிரல் சோர்ஸ்ஃபோர்ஜ் தளத்தில் சி.வி.எஸ். களஞ்சியத்தில் இருந்தது. பின்னர் பைதன் மொழியில் புதிதாக எழுதப்பட்ட "சஹன ஈடன்", லோஞ்ச்பேட் தளத்தில் பஸார் களஞ்சியத்தில் வளர்ந்தது. அதன் பிறகு கிட்ஹப்புக்கு, அதாவது கிட் வடிவத்துக்கு, அது மாறியது. ஒரு குடும்ப மென்பொருளுக்குச் சில ஆண்டுகளுக்குள் மூன்று பெட்டிகள். இன்று சி.வி.எஸ்ஸை யாரும் புதிதாகத் தொடங்குவதில்லை, பஸாரின் வளர்ச்சியும் நின்றுவிட்டது. ஆனால் அவற்றின் வடிவங்கள் ஒளிவுமறைவின்றி வெளியிடப்பட்டிருந்தபடியால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வரலாற்றை எடுத்துச் செல்லும் கருவிகளும் உள்ளன.

மூடிய பெட்டியில் வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. லினக்ஸ் கருநிரலை எழுதுவோர் 2002 முதல் பிட்கீப்பர் என்ற தனியார் கருவியைப் பாவித்தார்கள். 2005 இல் அதன் இலவச அனுமதி மீளப் பெறப்பட்டது. லினஸ் டோர்வால்ட்ஸ் சில நாட்களுக்குள் கிட்டை எழுதத் தொடங்கியதற்கு அதுவே காரணம். லினக்ஸின் பிரதான கிட் களஞ்சியத்தின் வரலாறு இன்றும் 2005 ஏப்ரலிலிருந்துதான் தொடங்குகிறது. அதற்கு முந்திய வரலாற்றைப் பார்க்க வேறு களஞ்சியங்களைத் தேட வேண்டும்.

ஒரே கருவி, வெவ்வேறு வடிவங்கள்

கருவியின் பெயரை அறிந்தால் போதும் என்று எண்ணிவிட வேண்டாம். ஒரே கருவிக்குள்ளும் பல சேமிப்பு வடிவங்கள் இருக்கலாம்.

சப்வேர்ஷன் இதற்கு நல்ல உதாரணம். தொடக்கத்தில் அது பெர்க்லி டி.பி. என்ற தரவுத்தளத்துக்குள் எல்லாவற்றையும் வைத்தது. கணினி இடையில் நின்றுபோனால் அத்தரவுத்தளம் பூட்டிக்கொண்டு, மீட்பு வேலை செய்யும்வரை திறக்காது. ஒருவகைக் கணினியில் உருவான களஞ்சியத்தை வேறுவகைக் கணினிக்கு அப்படியே படியெடுத்துச் செல்லவும் முடியாது. 2004 இல் வந்த 1.1 பதிப்பில் எஃப்.எஸ்.எஃப்.எஸ். என்ற இரண்டாவது வடிவம் சேர்ந்தது. ஒவ்வொரு பதிப்பையும் தனித்தனிச் சாதாரணக் கோப்பாக வைக்கும் முறை அது. படியெடுப்பதும் காப்பதும் இலகுவானபடியால் 2005 இல் அதுவே இயல்பு வடிவமாயிற்று. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் சப்வேர்ஷன்தான். ஆபத்து நேரும்போதுதான் உள்ளே உள்ள வித்தியாசம் தெரியவரும்.

பஸாரில் வடிவங்கள் அடிக்கடி மாறின. 2009 இல் வந்த 2.0 பதிப்பு "2ஏ" என்ற வடிவத்தை இயல்பாக்கியது. பழைய பஸாரால் அதைத் திறக்க முடியாது. முன்னோக்கி மாற்றலாம், ஆனால் 2ஏ களஞ்சியத்தை முந்திய இயல்பு வடிவத்துக்குத் திருப்புவது இயலாத காரியம். குழுவில் ஒருத்தி மாத்திரம் புதிய வடிவத்துக்கு மாற்றினால் மற்றவர்கள் வெளியே நிற்க வேண்டியதுதான்.

கிட் ஒவ்வொரு கோப்பின் உள்ளடக்கத்தையும் சுருக்கி, அதற்கு நாற்பது இலக்கக் கைரேகை போன்ற ஓர் எண்ணை இடுகிறது. அந்த எண்ணைக் கணிக்கும் முறைக்கு ஷா-1 என்று பெயர். முதல் இரண்டு இலக்கங்கள் கோப்புறையின் பெயர், மிகுதி முப்பத்தெட்டு இலக்கங்கள் கோப்பின் பெயர். இப்படி உதிரியாகச் சேர்பவற்றைப் பின்னர் ஒன்றாகக் கட்டிப் "பொதி" ஆக்குகிறது. நெல்லை மரக்காலால் அளந்து வைப்பதும் சாக்கில் கட்டி வைப்பதும் போன்ற வேறுபாடுதான் அது, உள்ளே இருப்பது அதே நெல். ஆனால் ஷா-1 முறை உறுதியற்றது என்பது 2017 பெப்ரவரியில் நிரூபணமானது. ஒரே கைரேகை எண்ணைக் கொண்ட இரண்டு வெவ்வேறு பி.டி.எஃப். கோப்புகளை ஆய்வாளர்கள் உருவாக்கிக் காட்டினார்கள். அவ்விரு கோப்புகளையும் வெப்கிட் என்ற பெரிய செயற்றிட்டத்தின் சப்வேர்ஷன் களஞ்சியத்தில் ஒருவர் சோதனைக்காகச் சேர்க்க, களஞ்சியமே இடறி நின்றது. ஒரே எண் என்றால் ஒரே பொருள் என்று அந்தச் சேமிப்பு முறை நம்பியிருந்ததே காரணம். இதன் பிறகு கிட்டில் அறுபத்துநான்கு இலக்கம் கொண்ட ஷா-256 வடிவத்தையும் தெரிவு செய்ய வழி செய்தார்கள்.

அடையாளம் காண்பது எப்படி?

பழைய கணினியொன்றிலோ நண்பியின் பென் ட்ரைவிலோ ஒரு செயற்றிட்டம் கிடைக்கிறது. முதல் வேலை, அதை அப்படியே படியெடுத்துக்கொண்டு படியில் மாத்திரம் கை வைப்பது. அடுத்து, மறைந்திருக்கும் கோப்புகளைக் காட்டும்படி கணினிக்குச் சொல்லுங்கள். பின்வரும் பெயர்களை ஆங்கில எழுத்தில் தேடுங்கள்.

"புள்ளி கிட்" என்ற கோப்புறை இருந்தால் அது கிட். "புள்ளி எச்ஜி" இருந்தால் மெர்கியூரியல். "புள்ளி பிஇஸட்ஆர்" இருந்தால் பஸார். "புள்ளி எஸ்விஎன்" இருந்தால் சப்வேர்ஷன். புள்ளியில்லாமல் "சிவிஎஸ்" என்ற கோப்புறை உள்ளே உள்ளே இருந்தால் சி.வி.எஸ்.

இங்கே பலர் ஏமாறும் ஓர் இடமுண்டு. சப்வேர்ஷன், சி.வி.எஸ். இரண்டிலும் உங்களிடம் இருப்பது வேலை செய்வதற்கான பிரதி மாத்திரமே. முழு வரலாறு சேவையகக் கணினியில் இருக்கும். எனவே அந்தக் கோப்புறையைப் பென் ட்ரைவில் போட்டுவிட்டு "எல்லாம் பத்திரம்" என்று இருந்தால் வரலாறு பத்திரமாகாது. கிட், மெர்கியூரியல் என்பவற்றில் வழமையாக முழு வரலாறும் உங்கள் பிரதியிலேயே இருக்கும். ஆனால் "புள்ளி கிட்" என்பது கோப்புறையாக இல்லாமல் ஒரு வரிக் கோப்பாக இருந்தால் கவனியுங்கள். உண்மையான களஞ்சியம் வேறிடத்தில் இருக்கிறது, அந்த வரி அதன் முகவரி.

சேவையகத்திலிருந்து எடுத்த களஞ்சியத்தில் புள்ளிக் கோப்புறை இருக்காது. "ஹெட்" என்ற கோப்பும் "ஒப்ஜெக்ட்ஸ்", "ரெஃப்ஸ்" என்ற கோப்புறைகளும் நேரடியாகத் தெரிந்தால் கிட். "கொன்ஃப்", "டிபி", "ஹுக்ஸ்" என்ற கோப்புறைகளோடு "ஃபோர்மட்" என்ற கோப்பும் இருந்தால் சப்வேர்ஷன். கோப்புப் பெயர்களின் முடிவில் காற்புள்ளியும் "வி" எழுத்தும் இருந்து, "சிவிஎஸ்ரூட்" என்ற கோப்புறையும் இருந்தால் சி.வி.எஸ்.

கருவி தெரிந்த பின், உள்வடிவத்தைப் பார்க்க வேண்டும். நல்ல கருவிகள் இதை ஒரு சிறு எழுத்துக் கோப்பில் தாமே எழுதி வைத்திருக்கின்றன. சப்வேர்ஷனில் "டிபி" கோப்புறைக்குள் "எஃப்எஸ்-டைப்" என்ற கோப்பைத் திறந்தால் ஒரே சொல் இருக்கும்: பெர்க்லி வடிவமா, எஃப்.எஸ்.எஃப்.எஸ். வடிவமா என்று அது சொல்லிவிடும். மெர்கியூரியலில் "ரிக்குவயர்ஸ்" என்ற கோப்பு, இதைத் திறக்க என்னென்ன வசதிகள் தேவை என்று பட்டியலிடும். பஸாரில் களஞ்சியக் கோப்புறைக்குள் உள்ள "ஃபோர்மட்" கோப்பு, வடிவத்தின் பெயரையே வாக்கியமாகச் சொல்லும். கிட்டில் "கொன்ஃபிக்" கோப்பில் களஞ்சிய வடிவ எண் பூச்சியமா ஒன்றா என்று இருக்கும். ஷா-256 பாவித்திருந்தால் அதுவும் அங்கேயே எழுதப்பட்டிருக்கும்.

இந்தக் கோப்புகளை வாசியுங்கள், திருத்தாதீர்கள். எண்ணை மாற்றினால் வடிவம் மாறாது. சீனிப் போத்தலில் உப்பு என்று எழுதி ஒட்டிய கதையாகிவிடும். தனக்குத் தெரியாத வடிவத்தைக் கண்டால் கிட்டும் மெர்கியூரியலும் திறக்க மறுத்துவிடும். அது நம் நன்மைக்கே. விளங்காமல் திறந்து எழுதுவதைவிட, விளங்கவில்லை என்று ஒதுங்குவது பாதுகாப்பானது.

எதைத் தெரிவு செய்வது?

புதிதாகத் தொடங்கும் மாணவிக்குக் கிட் போதும். அதன் வடிவம் யாவரும் அறிந்தது, இலவசமானது, கற்பிப்போரும் நிறையப் பேர். வடிவத்தைப் பொறுத்தவரை இயல்பாக வருவதையே வைத்துக்கொள்ளுங்கள். ஷா-256 வலுவானதுதான். ஆனால் அவ்வடிவக் களஞ்சியமும் பழைய வடிவக் களஞ்சியமும் நேரடியாகக் கொடுத்து வாங்க முடியாது. குழுவினர் எல்லோரும் ஒரே வடிவத்தில் இருப்பதே முதல் தேவை.

எந்தக் கருவியாக இருந்தாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். வடிவம் வெளிப்படையாக விவரிக்கப்பட்டுள்ளதா? என் குழுவினரின் கணினிகளும் நாம் பாவிக்கும் சேவைகளும் அதை ஏற்குமா? நாளை வெளியேற வேண்டுமானால் முழு வரலாற்றோடும் வெளியேற வழி இருக்கிறதா? மூன்றாவது கேள்வியே மிக முக்கியம். பிட்பக்கெட் என்ற சேவை 2020 இல் மெர்கியூரியல் களஞ்சியங்களை ஏற்பதை நிறுத்தி, இருந்தவற்றையும் நீக்கியது. அதற்கு முன்னர் சொஃப்ட்வேர் ஹெரிடேஜ் என்ற சேமிப்பகம் பொதுக் களஞ்சியங்களைப் படியெடுத்துக் காத்தது. பிறர் வந்து காப்பார்கள் என்று எப்போதும் நம்பியிருக்க முடியாது.

உள்ளே வைக்கும் கோப்புகளின் வடிவத்தையும் கவனிக்க வேண்டும். யுனிகோடில் எழுதிய சாதாரண எழுத்துக் கோப்பென்றால், எந்த வரி மாறியது என்பதைக் கிட் வரி வரியாகக் காட்டும். வேர்ட் கோப்பு உள்ளே சுருக்கப்பட்ட பொதியாக இருப்பதால், "மாறியது" என்று மாத்திரமே சொல்லும். பெரிய காணொளிகளை வைத்தால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஏறக்குறைய முழுக் கோப்பும் மீண்டும் சேர்ந்து களஞ்சியம் வீங்கிவிடும்.

பென் ட்ரைவில் கொண்டுபோக வேண்டுமானால் கிட்டின் "பண்டில்" கட்டளையைப் பாவியுங்கள். வரலாறு முழுவதும் ஒரே கோப்பாக வந்துவிடும். "எஃப்எஸ்சிகே" கட்டளை களஞ்சியத்தில் ஏதும் உடைந்திருக்கிறதா என்று சோதித்துச் சொல்லும். மாதம் ஒரு தடவை செய்தால் போதும்.

இன்னொரு முக்கிய எச்சரிக்கை: களஞ்சியம் மறப்பதில்லை. கடவுச்சொல், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம், குடும்பப் படம் ஆகியவற்றை ஒரு தடவை பதிந்துவிட்டு மறுநாள் அழித்தாலும், பழைய பதிப்பில் அவை அப்படியே இருக்கும். பொதுத் தளத்துக்கு அனுப்பிவிட்டால் யாரும் தோண்டி எடுக்கலாம். மாணவியர் இதை இரு மடங்கு கவனிக்க வேண்டும்.

பெற்றோருக்கு

மகள் கணினியில் என்ன செய்கிறாள் என்பது முழுவதும் விளங்காவிட்டாலும், நீங்கள் கேட்கக்கூடிய எளிய கேள்விகள் உள்ளன. "உன் வேலை எத்தனை இடத்தில் இருக்கிறது மகள்? மடிக்கணினி பழுதானால் வேறெங்கிருந்து எடுப்பாய்? அது எந்த வடிவத்தில் இருக்கிறது என்று எழுதி வைத்திருக்கிறாயா?" மடிக்கணினியும் பென் ட்ரைவும் ஒரே மேசை லாச்சியில் இருந்தால் அவை இரண்டு பிரதிகளல்ல, வெள்ளம் வந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். ஒன்று வீட்டில், ஒன்று வேறூரில் உள்ள உறவினர் வீட்டில், ஒன்று இணையச் சேவையில் என்று இருப்பதே நல்லது.

மாணவியருக்கு ஒரு சிறு வேலை. உங்கள் செயற்றிட்டக் கோப்புறையில் சாதாரண எழுத்துக் கோப்பு ஒன்றை இன்றே உருவாக்குங்கள். அதில் நான்கு வரிகள் எழுதுங்கள்: எந்தக் கருவி, எந்த வடிவம், எந்தப் பதிப்பு மென்பொருளால் திறக்கலாம், வேறு பிரதிகள் எங்கே இருக்கின்றன. ஐந்து நிமிட வேலை. பத்து வருடம் கழித்து நீங்களோ, உங்கள் தங்கையோ, உங்களை ஒருபோதும் கண்டிராத ஒரு மாணவியோ அந்தக் கோப்புறையைத் திறக்கும்போது, இன்ஷா அல்லாஹ், அந்த நான்கு வரிகளே திறப்பாக இருக்கும்.